கல்லும் நீரும்: திண்டிவனம் முதல் ஜவ்வாது மலை வரை

திண்டிவனத்தில் சென்னை–திருச்சி நெடுஞ்சாலையை விட்டு மேற்கே பிரியும் 77-ஆம் எண் தேசிய நெடுஞ்சாலை, வல்லம் வட்டாரத்தைக் கடந்து செஞ்சிக்குப் போகிறது. அங்கிருந்து திருவண்ணாமலை, செங்கம், ஊத்தங்கரை வழியாகக் கிருஷ்ணகிரியில் சேர்கிறது. இதில் செங்கம் வரையுள்ள பகுதியையும், செங்கத்திலிருந்து ஜவ்வாது மலைக்கு ஏறும் கிளைச்சாலையையும் சேர்த்துக்கொண்டால், வட தமிழ்நாட்டின் வயல்வெளி, பாறைக்குன்று, கோட்டை, குடைவரை, அருவி எல்லாவற்றையும் ஒரே வழியில் பார்த்துவிடலாம். பெரும்பாலோர் இந்தச் சாலையைத் திருவண்ணாமலைக்குப் போகும் குறுக்குவழியாக மட்டுமே அறிவார்கள். நின்று பார்க்க வேண்டிய இடங்கள் இதில் ஏராளம்.

வழி பழையது. பத்துப்பாட்டில் உள்ள ஆற்றுப்படைகளில் இரண்டு இந்தச் சாலையின் இரு முனைகளையும் பாடுகின்றன. கிழக்கு முனையில் ஓய்மானாடு. அதன் தலைவன் நல்லியக்கோடனைப் பாடியது சிறுபாணாற்றுப்படை. பாடியவர் இடைக்கழிநாட்டு நல்லூர் நத்தத்தனார். நல்லியக்கோடனின் கிடங்கில் இன்று திண்டிவனம் நகரத்துக்குள் அடங்கிவிட்டது. மேற்கு முனையில் செங்கண்மா, அதாவது இன்றைய செங்கம். அங்கிருந்த நன்னனைப் பெருங்கௌசிகனார் பாடிய மலைபடுகடாம் 583 அடி கொண்ட நெடும்பாட்டு. இரண்டுமே பரிசில் தேடிச் செல்லும் கலைஞர்களுக்கு வழி சொல்லும் பாட்டுகள். எந்த ஊரில் என்ன உணவு கிடைக்கும், எந்த இடத்தில் கவனமாக நடக்க வேண்டும் என்று சொல்லிச் செல்பவை. தமிழில் பயணக் கட்டுரைக்கு முன்னோடி தேடுபவர்களுக்கு இதைவிடப் பொருத்தமான நிலம் அமையாது.

திண்டிவனத்தைத் தாண்டியதும் நிலத்தின் அமைப்பு தெளிவாகிறது. பெரும்பாலும் சமவெளி, நடுநடுவே கருங்கல் குன்றுகள். மண்ணுக்கு அடியிலும் பாறைதான். வற்றாத ஆறு எதுவும் இல்லை. செஞ்சி மலைகளில் தோன்றி வரும் சங்கராபரணி மழைக்காலத்தில் மட்டும் ஓடி, வீடூர் அணையில் தங்கி, புதுச்சேரிக்குத் தெற்கே கடலில் கலக்கிறது. 1950-களின் இறுதியில் கட்டப்பட்ட அந்த அணையின் நீர்மட்டம் 32 அடி, கொள்ளளவு 605 மில்லியன் கனஅடி. பெரிய அணைகளோடு ஒப்பிட்டால் இது மிகச் சிறியது. ஆனாலும் தமிழ்நாட்டு வயல்களுக்கும் புதுச்சேரி வயல்களுக்கும் சேர்த்து இதிலிருந்துதான் நீர் பிரிகிறது. மற்றபடி இங்குள்ள வேளாண்மை ஏரியையும் கிணற்றையும் நம்பியது. வடகிழக்குப் பருவமழை நன்றாகப் பெய்தால் ஒவ்வோர் ஏரியும் நிரம்பிக் கோடி போகும். அந்த நீர் அடுத்த ஊர் ஏரிக்கு இறங்கும். பொய்த்தால் ஏரிக்குள்ளேயே மாடு மேயும்.

வல்லம், செஞ்சி வட்டத்தில் ஓர் ஊராட்சி ஒன்றியத்தின் தலைமையூர். மகேந்திரவர்மன் காலத்துக் குடைவரை உள்ள வல்லம் செங்கல்பட்டுக்கு அருகில் இருக்கிறது. தஞ்சாவூருக்குப் பக்கத்தில் இன்னொரு வல்லம் உண்டு. இந்த வல்லத்தில் அப்படிப்பட்ட நினைவுச்சின்னம் ஏதும் இல்லை. அதைச் சுற்றியுள்ள கிராமப்புறமே இங்கு பார்க்க வேண்டியது. கிணற்றுப் பாசனம் உள்ள இடத்தில் நெல்லும் கரும்பும், மேட்டு நிலத்தில் மல்லாட்டையும் உளுந்தும், வரப்புகளிலும் ஏரிக்கரைகளிலும் பனைமரங்கள். வேர்க்கடலை என்று பிற ஊர்களில் வழங்குவதை இந்தப் பக்கத்தில் மல்லாட்டை என்றுதான் சொல்வார்கள். அறுவடைக் காலத்தில் கிளைச்சாலைகளின் ஒரு பாதி களமாகிவிடும். நெல்லும் உளுந்தும் தார்ச்சாலையில் காயும். வண்டி ஓட்டி வருபவர்கள் அப்போது வேகத்தைக் குறைத்துக்கொள்வது நல்லது. கோடையில் சாலையோரத்தில் நுங்கும் பதநீரும் கிடைக்கும்.

இவ்வட்டாரம் தமிழ்ச் சமணத்தின் உயிருள்ள நிலம். மதுரைப் பக்கத்துச் சமணக் குன்றுகள் இன்று வெறும் சின்னங்கள். இங்கே சமணக் குடும்பங்கள் தலைமுறை தலைமுறையாக வேளாண்மை செய்துகொண்டு வாழ்கின்றன. நயினார் என்ற பெயரொட்டு அவர்களுக்கு உரியது. தமிழே அவர்கள் தாய்மொழி. பொழுது சாய்வதற்குள் உணவை முடித்துக்கொள்ளும் வழக்கத்தைப் பல வீடுகளில் இன்றும் காணலாம். இவர்களுடைய தலைமை மடமான ஜினகாஞ்சி மடம் செஞ்சிக்குக் கிழக்கே மேல்சித்தாமூரில் இருக்கிறது. அவ்வூரில் இரண்டு கோயில்கள். பார்சுவநாதர் கோயில் கோபுரமும் மானஸ்தம்பமுமாகப் பெரிதாக எழுந்து நிற்பது. மலைநாதர் கோயில் அதைவிடச் சிறியது, அதைவிடப் பழையது. ஒரு பாறையின் முகத்தில் ஒன்பதாம் நூற்றாண்டில் வரிசையாகச் செதுக்கிய தீர்த்தங்கரர் உருவங்களும், கொடி சுற்றிய பாகுபலியும், அம்பிகையும் அதன் கருவறையில் உள்ளன. நேரம் குறைவாக இருப்பவர்கள் மலைநாதர் கோயிலை விட்டுவிடக் கூடாது.

தொன்மை இன்னும் பின்னே போகிறது. செஞ்சி வட்டத்துத் தொண்டூரில் சமண முனிவர்களுக்காகப் பாறையில் வெட்டிய படுக்கைகளும், கி.பி. மூன்றாம் நூற்றாண்டைச் சேர்ந்ததாகக் கருதப்படும் தமிழ்ப் பிராமிக் கல்வெட்டும் உள்ளன. அந்தக் கல்வெட்டில் அகலூர் என்ற ஊர்ப்பெயர் வருகிறது. அகலூர் இன்றும் அதே பெயருடன் அங்கேயே இருக்கிறது. அங்கே இன்றும் சமணர்கள் வாழ்கிறார்கள். நெகனூர்பட்டியில் அடுக்கங்கல் என்னும் பாறையிலுள்ள இன்னொரு பழங்கல்வெட்டு, பள்ளியைச் செய்வித்தவர் ஒரு பெண் என்று சொல்கிறது. அரசர் பெயரோ போர்ச் செய்தியோ இல்லாத இந்தச் சிறு கல்வெட்டுகளைத் தேடிப் போகிறவர்கள் குறைவு. தமிழ் எழுத்தின் வளர்ச்சியில் அக்கறை உள்ள எவருக்கும் அவை கோட்டைக்கு இணையான காட்சிகள்.

செஞ்சி நகரத்துக்கு மிக அருகில், சிறுகடம்பூரை ஒட்டித் திருநாதர்குன்று நிற்கிறது. உச்சியில் ஒரு பெரும்பாறை. அதன் முகத்தில் பன்னிரண்டு பன்னிரண்டாக இரண்டு வரிசையில் இருபத்துநான்கு தீர்த்தங்கரர்கள் அமர்ந்திருக்கிறார்கள். அதே குன்றில், சந்திரநந்தி என்னும் சமண ஆசிரியர் 57 நாள் உண்ணாநோன்பிருந்து உயிர்விட்டதைக் குறிக்கும் கல்வெட்டு இருக்கிறது. தமிழ்க் கல்வெட்டுகளில் 'ஐ' என்னும் எழுத்து முதன்முதலில் தனித்து வருவது இதில்தான் என்று கல்வெட்டறிஞர்கள் கருதுகிறார்கள். இன்னொரு கல்வெட்டு, இளையபடாரர் என்பவர் 30 நாள் நோன்பிருந்து மறைந்ததைச் சொல்கிறது. குன்று உயரம் அதிகமில்லை. வெயில் ஏறுவதற்குள் ஏறி இறங்கிவிடலாம். மேலே நின்றால் மேற்கே செஞ்சிக் கோட்டையின் மூன்று மலைகளும் தெரியும். இருந்த இடத்திலேயே உணவும் நீரும் துறந்தவர்களின் பாறை இது. எட்டு ஆண்டு முற்றுகைக்கு நீரும் நெல்லும் சேர்த்து வைத்தவர்களின் பாறை எதிரே நிற்கிறது.

செஞ்சிக் கோட்டை ராஜகிரி, கிருஷ்ணகிரி, சந்திரகிரி என்னும் மூன்று மலைகளையும் அவற்றை இணைக்கும் மதில்களையும் கொண்டது. மதில்களின் மொத்தச் சுற்று ஏறத்தாழ 13 கிலோமீட்டர். மூன்று மலைகளும் முக்கோணத்தின் மூன்று முனைகளில் நிற்பதால், ஒன்றை எதிரி பிடித்தாலும் மற்ற இரண்டும் தனித்தனிக் கோட்டைகளாக நின்று போரிட முடியும். ராஜகிரியின் உயரம் சுமார் 800 அடி. உச்சியை அடையும் முன் ஓர் ஆழமான பிளவு குறுக்கிடுகிறது, அதன்மேல் மரப்பாலம். பாலத்தை இழுத்துக்கொண்டால் உச்சிக்குச் செல்லும் வழி அடைபட்டுவிடும். மனிதர் கட்டிய மதிலைவிட இந்த மலைகளின் இயற்கையான பாறை அடுக்குகளே இக்கோட்டையின் உண்மையான அரண். கட்டியவர்களின் திறமை, பாறை விட்ட இடைவெளிகளை மட்டும் சுவரால் அடைத்ததில் இருக்கிறது.

கோட்டையின் தொடக்கத்தை மரபுச் செய்திகள் பன்னிரண்டாம் நூற்றாண்டின் இறுதியில், ஆயர் குலத்து ஆனந்தக் கோனிடம் வைக்கின்றன. அடுத்து வந்த கிருஷ்ணக் கோனின் பெயரில் கிருஷ்ணகிரி வழங்குகிறது என்பர். இன்று காணும் பெருங்கட்டடங்களில் பெரும்பாலானவை விஜயநகரத்தின் கீழிருந்த நாயக்கர்கள் காலத்தவை. 1597-இல் இங்கு வந்த ஏசு சபைத் துறவி பிமெண்டா, இந்தியாவில் தாம் கண்ட நகரங்களில் இதைப் பெரியதாகக் கருதி, லிஸ்பனை மட்டுமே அதற்கு மேலாக வைத்தார். 1649-இல் பீஜப்பூர் சுல்தானின் படை கோட்டையைப் பிடித்தது. 1677-இல் சிவாஜி கைப்பற்றி அரண்களை வலுப்படுத்தினார்.

அந்த வலுப்படுத்தல் பன்னிரண்டு ஆண்டுக்குள் பயன்பட்டது. சம்பாஜி கொல்லப்பட்டு மராட்டியத் தலைநகரை மொகலாயர் முற்றுகையிட்டபோது, சிவாஜியின் இளைய மகன் ராஜாராம் மாறுவேடத்தில் தெற்கே தப்பி 1689-இல் செஞ்சிக்கு வந்து சேர்ந்தார். மராட்டிய அரசுக்கு இதுவே தலைநகரானது. ஔரங்கசீப்பின் தளபதி ஜுல்பிகார் கான் 1690-இல் முற்றுகையிட்டான். கோட்டை விழுந்தது 1698-இல். ராஜாராம் அதற்குள் தப்பிவிட்டார். எட்டு ஆண்டுகள் ஒரு பேரரசின் படையை இந்தப் பாறைகள் நிறுத்தி வைத்ததற்கு மதில் மட்டும் காரணமில்லை. ராஜகிரி உச்சியில் நன்னீர்ச் சுனைகள் உண்டு. மழைநீரைத் தேக்கிய தொட்டிகள் உண்டு. அடிவாரத்தில் சக்கரக்குளம், செட்டிகுளம், யானைக்குளம். களஞ்சியங்களின் தடித்த சுவர்களையும் வளைந்த கூரைகளையும் பார்த்தாலே எத்தனை ஆண்டுக்கு நெல் சேர்த்திருப்பார்கள் என்ற எண்ணம் எழும். கீழே வெட்டவெளியில் கூடாரமடித்திருந்த மொகலாயப் படையைத்தான் மழையும் உணவுப் பஞ்சமும் வருத்தின.

கீழ்க்கோட்டையில் எல்லோர் கண்ணிலும் முதலில் படுவது கல்யாண மகால். சதுர முற்றத்தைச் சுற்றி அறைகள். நடுவே அடுக்கடுக்காகக் குறுகி மேலெழும் கோபுரம் போன்ற மாளிகை. இங்கிருந்த மாளிகைகளுக்கு மண்குழாய்கள் வழியே நீர் கொண்டுவரப்பட்டது. அருகே உடற்பயிற்சிக் கூடம், குதிரை லாயங்கள், களஞ்சியம், சாதத்துல்லா கான் பள்ளிவாசல். முத்தியாலு நாயக்கர் கட்டிய வெங்கடரமணர் கோயில் சற்றுத் தள்ளி நிற்கிறது. அதன் தூண்கள் பல பிரெஞ்சுக்காரர்கள் காலத்தில் பெயர்த்தெடுக்கப்பட்டுப் புதுச்சேரிக்குப் போயின. அங்கே கடற்கரையில் காந்தி சிலையைச் சுற்றி நிற்கும் உயரமான கருங்கல் தூண்கள் செஞ்சியிலிருந்து சென்றவை. புதுச்சேரியில் படம் எடுத்துக்கொள்பவர்களில் பெரும்பாலோருக்கு இது தெரியாது. கோயிலில் தூணில்லாத இடத்தைப் பார்த்த பிறகு அந்தக் கடற்கரையைப் பார்க்கும்போது மனம் வருந்தத்தான் செய்யும்.

சக்கரக்குளத்துப் பக்கம் கைதிகள் கிணறு என்று ஒரு பெரும்பாறை இருக்கிறது. பாறையின் நடுவே இயற்கையாக அமைந்த பொந்தின் வாயில் செங்கற்சுவர் எழுப்பியிருக்கிறார்கள். தண்டனை பெற்றவர்களை அதற்குள் தள்ளிப் பசியிலும் தாகத்திலும் சாகவிட்டார்கள் என்பது வழிவழியாகச் சொல்லப்படும் செய்தி.

தமிழ்நாட்டு மக்களின் நினைவில் செஞ்சி நிற்பது இவ்வளவு நீண்ட வரலாற்றினால் அல்ல. ஓர் ஆண்டுகூட ஆளாத இளைஞன் ஒருவனால். மொகலாயர் கோட்டையைப் புந்தேலத் தலைவன் சொரூப் சிங்கிடம் ஒப்படைத்திருந்தனர். அவன் இறந்த பிறகு மகன் தேஜ் சிங் வந்தான். தமிழர்கள் அவனைத் தேசிங்கு ராஜன் என்றார்கள். ஆர்க்காட்டு நவாப் சாதத்துல்லா கான் கேட்ட கப்பத்தை அவன் கட்ட மறுத்தான். 1714 அக்டோபரில் நவாபின் பெரும்படையை எதிர்த்துச் சிறு குதிரைப்படையோடு போனான். சங்கராபரணியில் வெள்ளம் ஓடிய நேரம் அது. உடன் வந்தவர்களில் பலர் ஆற்றைக் கடக்க முடியாமல் பின்தங்கினர் என்று சொல்வார்கள். கடலி என்னுமிடத்தில் நடந்த போரில் தேசிங்கு மாண்டான், வயது 22. அவனுடைய உயிர்த்தோழன் மாவுத்துக்கான் தன் திருமணத்தைப் பாதியில் விட்டுவிட்டுப் போர்க்களத்துக்கு வந்து முன்னதாகவே உயிர்விட்டதைக் கதைப்பாடல் உருக்கமாகச் சொல்கிறது. நீலாம்பூண்டியில் மாவுத்துக்கானின் சமாதியையும் குதிரையின் சமாதியையும் ஊரார் இன்றும் காட்டுகிறார்கள். தேசிங்கின் உடல் எரியூட்டப்பட்டதும் அவன் மனைவி உடன்கட்டை ஏறியதும் செட்டிகுளத்தின் கரையில் என்பர். அவள் நினைவாக நவாப் உருவாக்கிய ஊர் ராணிப்பேட்டை. போரை வென்றவன் பெயர் கோட்டைப் பள்ளிவாசலில் இருக்கிறது. தோற்றவன் பெயர் தெருக்கூத்திலும் கதைப்பாட்டிலும் ஊர்தோறும் போயிற்று. இந்துவும் முஸ்லிமும் தோள்கொடுத்து நின்ற நட்பாகவே மக்கள் இக்கதையை நினைவில் வைத்திருக்கிறார்கள்; கூத்து பார்க்க வருகிறவர்கள் அழுவதும் அந்த இடத்தில்தான்.

1750-இல் புஸ்ஸியின் தலைமையில் பிரெஞ்சுப் படை ஒரே இரவில் கோட்டையைப் பிடித்தது. 1761-இல் அது ஆங்கிலேயரிடம் போயிற்று. 1780-இல் ஐதர் அலியின் படை கைப்பற்றியது. பிறகு படைகளுக்கு இதனால் பயன் இல்லாமல் போனது. 1921 முதல் இது பாதுகாக்கப்பட்ட நினைவுச்சின்னம். 2025 ஜூலையில், 'மராட்டியப் படைத்துறை நிலவமைப்புகள்' என்னும் தலைப்பில் பன்னிரண்டு கோட்டைகள் யுனெஸ்கோவின் உலக மரபுச் சின்னங்கள் பட்டியலில் சேர்ந்தன. பதினொன்று மகாராஷ்டிரத்தில் உள்ளவை, பன்னிரண்டாவது செஞ்சி. பட்டியலின் தலைப்பு ஒரு காலப்பகுதியை மட்டும் முன்னிறுத்துகிறது. கோன்களும் நாயக்கர்களும் ஆர்க்காட்டு நவாபுகளும் இல்லாமல் இக்கோட்டையைப் புரிந்துகொள்ள முடியாது என்பதை அங்கே வைக்கும் விளக்கப் பலகைகள் மறக்காமல் சொல்ல வேண்டும்.

ராஜகிரி உச்சிக்கு ஆயிரத்துக்கும் மேற்பட்ட படிகள். காலையில் ஏறத் தொடங்குவதே சரி. பிற்பகல் ஆகிவிட்டால் மேலே போக விடமாட்டார்கள். போதிய குடிநீர் கொண்டுபோக வேண்டும். பாதி வழியில் கமலக்கண்ணியம்மன் கோயில். குரங்குகள் அதிகம், கையில் உணவுப் பையுடன் ஏறக் கூடாது. அத்தனை ஏற முடியாதவர்கள் கிருஷ்ணகிரி மலைக்குப் போகலாம். ஏற்றம் குறைவு, மேலே அரங்கநாதர் கோயிலும் களஞ்சியங்களும் குவிமாட மண்டபமும் நல்ல நிலையில் உள்ளன.

செஞ்சிக்கு வடக்கே சில கிலோமீட்டரில் சிங்கவரம். பல்லவர் காலத்துக் குடைவரையில் ஒரே பாறையில் செதுக்கிய பள்ளிகொண்ட பெருமாள். நீளம் சுமார் 24 அடி. தேசிங்கு போருக்குப் புறப்படும் முன் இங்கு வந்து விடை கேட்டதாகவும், போகாதே என்று பெருமாள் முகத்தைத் திருப்பிக்கொண்டதாகவும் கதை. சிலையின் தலை சாய்ந்திருக்கும் விதத்தைக் காட்டி அர்ச்சகர்கள் அதைச் சொல்வார்கள். இன்னும் வடக்கே மேல்மலையனூர் அங்காளம்மன் கோயில். அமாவாசை இரவுகளில் ஊஞ்சல் உற்சவத்துக்குப் பெருங்கூட்டம் கூடும். கோட்டை பார்க்க மட்டும் வருகிறவர்கள் அந்த நாளைத் தவிர்த்துக்கொள்ளலாம்.

செஞ்சியிலிருந்து விழுப்புரம் சாலையில் தெற்கே இறங்கிப் பக்கச் சாலைகளில் திரும்பினால் பல்லவர்களின் தொடக்ககாலப் பணிகள் வரிசையாக வருகின்றன. முதலில் மண்டகப்பட்டு. ஏழாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் முதலாம் மகேந்திரவர்மன் குடைவித்த சிறு கோயில். முன்னே இரண்டு துவாரபாலகர்கள். உள்ளே பிரமன், சிவன், திருமால் மூவருக்கும் மூன்று கருவறைகள். மூன்றும் இன்று வெறுமை. செங்கல், மரம், உலோகம், சுண்ணாம்பு எதுவும் இல்லாமல் இந்தக் கோயிலை விசித்திரசித்தன் (மகேந்திரவர்மனின் விருதுப்பெயர்) செய்வித்தான் என்று அங்குள்ள வடமொழிக் கல்வெட்டு கூறுகிறது. அழியும் பொருள்களால் கோயில் கட்டிய காலம் போய்க் கல்லில் கோயில் எழுப்பும் காலம் தமிழகத்தில் தொடங்கியதை அந்த அரசனே உணர்ந்து எழுதி வைத்த சான்று அது. மாமல்லபுரத்துக்குப் போகும் ஆயிரம் பேரில் பத்துப் பேராவது இங்கு வந்தால் அந்தக் கற்கோயில்களின் பிறப்பிடம் அவர்களுக்கு விளங்கும்.

அடுத்தது தளவானூர். அதே மன்னன் குடைவித்த சத்ருமல்லேசுவரம். வாயில் மேல் மகர தோரணம். பிறகு பனைமலை. பெரிய ஏரி ஒன்றின் பக்கத்தில் எழும் குன்றின் மேல் இராஜசிம்மன் கட்டிய தாளகிரீசுவரர் கோயில். காஞ்சி கைலாசநாதர் கோயிலைக் கட்டிய அதே அரசன் இவன். சிறு சன்னதி ஒன்றின் சுவரில் பல்லவர் கால ஓவியம் எஞ்சியிருக்கிறது: ஒரு காலை மடக்கி, தலைக்கு மேல் குடை விளங்க, சிவனின் ஆடலைப் பார்த்து நிற்கும் உமை. வண்ணம் பெருமளவு உதிர்ந்துவிட்டது. இருந்தும் அந்த முகத்தின் சாய்வில் உள்ள நுட்பம் குறையவில்லை. ஏரி நிரம்பியிருக்கும் மார்கழி, தை மாதங்களில் இங்கு வருவது சிறப்பு. சோழர் காலத்தில் ஆர்வமுள்ளவர்கள் எண்ணாயிரத்துக்கும் போகலாம். முதலாம் இராஜேந்திரன் காலத்தில் 340 மாணவர் தங்கிப் படித்த கல்விச்சாலை அங்கு நடந்ததைக் கல்வெட்டு விரிவாகச் சொல்கிறது. பக்கத்து எசாலத்தில் 1987-இல் அதே மன்னனின் செப்பேடுகள் கிடைத்தன.

மீண்டும் செஞ்சி வழியே மேற்கே புறப்படும்போது, தை, மாசி மாதங்களாக இருந்தால், ஒழுங்குமுறை விற்பனைக்கூடத்துக்கு நெல் ஏற்றி வந்த டிராக்டர்களும் லாரிகளும் சாலையோரம் நிற்கும். சுற்றுவட்டாரத்து உழவர்கள் நெல்லை இங்குதான் கொண்டுவருகிறார்கள். பாறை நிலத்தில் இவ்வளவு நெல் எங்கிருந்து வருகிறது என்று வியப்பவர்கள், வல்லத்துக்கும் செஞ்சிக்கும் நடுவே கடந்துவந்த ஏரிகளையும் கிணறுகளையும் நினைத்துப் பார்க்க வேண்டும்.

செஞ்சியிலிருந்து திருவண்ணாமலை 39 கிலோமீட்டர். கீழ்பென்னாத்தூரை நெருங்கும்போதே 814 மீட்டர் உயர மலை வானில் எழுந்து நிற்கும். திருவண்ணாமலையைப் பற்றிச் சொல்ல நூல்கள் பல உண்டு. இங்கு விரிக்க வேண்டியதில்லை. பௌர்ணமி நாட்களில் கிரிவலத்துக்காகப் போக்குவரத்தைத் திருப்பிவிடுவார்கள் என்பதை மட்டும் நினைவில் கொண்டால் போதும்.

செங்கம் நடுகற்களின் நாடு. ஆநிரையைக் கவர வந்தவர்களோடு போரிட்டு மாண்டவர்களுக்கு ஊரார் எழுப்பிய கற்கள் இந்தப் பகுதியின் வயல்வெளிகளிலும் ஏரிக்கரைகளிலும் ஏராளமாக நின்றன. தமிழ்நாடு தொல்லியல் துறை அவற்றைத் தேடி ஆராய்ந்து 1972-இல் 'செங்கம் நடுகற்கள்' என்ற நூலாக வெளியிட்டது. பல கற்களில் வட்டெழுத்து; பல்லவ அரசர்களின் ஆட்சியாண்டுகள். அரண்மனைக் கல்வெட்டுகள் பேசாத மனிதர்களின் பெயர்கள் இவற்றில் உண்டு. எடுத்தனூரில் உள்ள மகேந்திரவர்மன் காலத்துக் கல் எல்லாவற்றிலும் நெகிழ்ச்சி தருவது. கருந்தேவகத்தி என்னும் வீரன் மாட்டுச் சண்டையில் பட்டான். அவனுடைய நாய் கோவிவன் கள்ளர் இருவரைக் கடித்து அவன் பக்கத்திலேயே நின்றது. கல்லில் வீரனோடு நாயின் உருவமும் இருக்கிறது; அதன் பெயரும் செயலும் எழுதப்பட்டிருக்கின்றன. மண்டகப்பட்டில் மும்மூர்த்திகளுக்குக் குடைவரை செய்த அதே அரசனின் காலத்தில், சிற்றூர் ஒன்று நாய்க்கு எழுத்தில் இடம் கொடுத்தது.

மலைபடுகடாமும் இவ்வழியில் நடுகற்கள் நிற்பதைச் சொல்கிறது. நன்னனின் நவிரமலை, போளூர்ப் பக்கத்துப் பர்வதமலை என்பர். பாட்டில் வரும் சேயாறு, ஜவ்வாது மலையில் பிறந்து செங்கத்தின் பக்கம் இறங்கிப் பாலாற்றில் கலக்கும் இன்றைய செய்யாறு. மலையில் எழும் ஓசைகளைக் கேட்டு அடுக்கிச் சொல்வது அந்தப் பாட்டின் சிறப்பு. அருவி விழும் ஒலியும் அதில் வருகிறது. ஈராயிரம் ஆண்டுக்கு முன் கூத்தர்கள் யாழும் முழவும் சுமந்து நடந்த மலைச்சரிவில் இன்று அரசுப் பேருந்து ஏறுகிறது.

செங்கத்துக்கு மேற்கே, செய்யாற்றின் குறுக்கே குப்பநத்தம் அணை. பரமனந்தலைக் கடந்ததும் மலைச்சாலை தொடங்குகிறது. கீழே முள்மரக்காடு, மேலே ஏற ஏற மரங்கள் உயர்ந்து காற்று குளிர்கிறது. சந்தனத்துக்குப் பெயர்பெற்ற காடு இது. வெட்டும் கடத்தலும் அதைப் பெரிதும் அழித்தன. இங்கு வாழ்பவர்கள் மலையாளிப் பழங்குடியினர். பேசும் மொழி தமிழ். சாமை இவர்களுடைய முதன்மைப் பயிர். தேன், புளி, கடுக்காய், பலா இவை சந்தைக்கு வரும் மலைப்பொருள்கள். நகரத்தில் சிறுதானியம் என்று விலை உயர்த்தி விற்கும் சாமையை விளைவிப்பவர்களுக்கு அந்த விலையில் எவ்வளவு போய்ச் சேர்கிறது என்பது மலையேறி வருகிறவர்கள் கேட்டுப் பார்க்க வேண்டிய கேள்வி. முடிந்தவரை பொருள்களை அவர்களிடமே வாங்குவது நல்லது.

ஜமுனாமரத்தூர் மலையின் மையம். படகுத்துறையுள்ள கோமுட்டேரி அருகில் இருக்கிறது. பீமன் அருவி ஊரிலிருந்து சில கிலோமீட்டர் தூரம். சாலையிலிருந்து இறங்கிப் போனால், காட்டோடை பாறை விளிம்பைத் தாண்டி விழும் இடத்தை அடையலாம். குற்றாலத்தின் பரப்போ ஒகேனக்கலின் வேகமோ இதற்கு இல்லை. மலைமேல் பெய்த மழையே இதன் முதல். மழை நின்று சில மாதத்தில் ஓடை மெலிந்து, கோடையில் பாறை மட்டும் நிற்கும். கோடை விழாவுக்கு மலையேறி வருகிறவர்களில் பலர் நீரில்லாத அருவியைப் பார்த்து ஏமாறுவது இதனால்தான். ஐப்பசி முதல் மார்கழி வரை வந்தால் அருவியின் உண்மையான அளவு தெரியும். அப்போது பாறைகள் வழுக்கும். மேலே மழை பிடித்தால் நீர்வரத்து திடீரென்று உயரும். குளிக்க வேண்டாம் என்று தடுத்திருக்கும் நாளில் இறங்காமல் இருப்பதே உயிருக்குப் பாதுகாப்பு.

மலையின் வடமேற்குப் பக்கம், ஆலங்காயத்துக்குப் போகும் சாலையில் காவலூர். வைணு பாப்பு வானாய்வகம் இங்குள்ளது. நகர வெளிச்சம் எட்டாத இடம் என்பதால் 1960-களின் இறுதியில் இதைத் தேர்ந்தெடுத்தார்கள். 1972-இல் வியாழனின் துணைக்கோளான கானிமீடுக்கு வளிமண்டலம் இருப்பதற்கான தடயம் கண்டதும், 1977-இல் யுரேனசின் வளையங்களைக் கண்டறிந்த ஆய்வில் பங்குகொண்டதும் இந்த ஆய்வகம். இங்கே கண்டுபிடித்த சிறுகோள் ஒன்றுக்குக் கணிதமேதை இராமானுஜனின் பெயர் சூட்டப்பட்டது. 2.34 மீட்டர் விட்டமுள்ள பெரிய தொலைநோக்கி 1986-இல் செயல்பாட்டுக்கு வந்தது. பார்வையாளர்களுக்கு அனுமதி உள்ள நாளை முன்கூட்டியே கேட்டறிந்து போவது நல்லது; மழைக்கால வானத்தில் மேகமே மிகுந்திருக்கும்.

அருவியில் நீர் வேண்டும் என்றால் ஐப்பசி, கார்த்திகை. வானம் பார்க்க மாசி, பங்குனி. ஏரிகள் நிரம்பி, நெல் விளைந்து, கோட்டை ஏறவும் வெயில் தாங்கக்கூடியதாக இருப்பது மார்கழி, தை. மூன்றும் ஒரே பயணத்தில் முழுமையாக அமையாது. மார்கழியில் வந்தால் மூன்றிலும் கொஞ்சம் கிடைக்கும். ஒரே நாளில் எல்லாவற்றையும் பார்க்க முயல்வது வீண். செஞ்சியில் ஓரிரவும் ஜமுனாமரத்தூரில் ஓரிரவும் தங்குவதே முறையான திட்டம். காவலூரிலிருந்து ஆலங்காயம் வழியாக இறங்கினால் வாணியம்பாடியில் சென்னை–பெங்களூரு நெடுஞ்சாலையை அடையலாம். கிழக்கே திரும்ப விரும்புகிறவர்கள் ஜமுனாமரத்தூரிலிருந்து போளூருக்கு இறங்கித் திருவண்ணாமலை, செஞ்சி, வல்லம் வழியாகத் திண்டிவனம் சேரலாம்.